பேசச் சொன்னது நான்தான்

"யக்கா, என்னைய அருவிக்குக் கூட்டிட்டுப் போறாவ."

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்குப் போன். அடுப்பில் பால் பொங்கப் போகிறது. ஜன்னலுக்கு வெளியே சாரல். மலை நிற்கிற இடத்தில் மலையைக் காணோம், ஒரே வெள்ளை. எதிர்முனையில் இசக்கி, அழுகிற குரலில். தென்காசியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்க்கிறவள்.

"யாரு கூட்டிட்டுப் போறா?"

"கடையிலருந்துதான். வேன் அனுப்பியிருக்காவ. தெருமுக்குல நிக்கி. ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருக்கான்."

வெளியூர் வாசகர்கள் இந்த இடத்தில் 'கொடுத்துவைத்த பெண்' என்று நினைத்திருப்பீர்கள். சீசன் நேரம், குற்றால அருவி, கம்பெனி வேன்... இதற்குப் போய் எதற்கு அழுகை?

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். சாரலுக்குக் கூட்டமாகக் குளிக்கப் போவது வேறு. ஒற்றை ஆளை, தலை நிறைய எண்ணெய் வைத்து, பிடித்துக்கொள்ள ஒரு துணையும் போட்டு, நாள் தவறாமல் விடிகாலையில் கூட்டிப்போவது வேறு. மனம் கலங்கியவர்களை அருவிக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்துவது இந்த வட்டாரத்தின் பழைய வைத்தியம். உச்சந்தலையில் தண்ணீர் விழ விழப் புத்தி தெளியுமாம். 'அவளை அருவிக்குக் கொண்டு போறாங்களாம்' என்று ஒரு வரி சொன்னால் போதும். மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும்.

இசக்கிக்குப் புத்தி கலங்கவில்லை. எழுபது பேர் இருந்த கூட்டத்தில் உண்மையைப் பேசினாள், அவ்வளவுதான்.

அவளைப் பேசச் சொன்னது நான்தான்.

இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எம் பேரப் போடாதீங்க. கடை பேரும் வேண்டாம். மத்தத என்னமும் எழுதிக்கிடுங்க," என்றாள். அண்ணாச்சி படிப்பாரே என்றேன். கடை முதலாளியை ஊரே அப்படித்தான் கூப்பிடும். "படிக்கட்டும். நேர்ல சொன்னாத்தான பயம்," என்றாள். அதனால் இசக்கி என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு இசக்கி இருப்பார்கள். முடிந்தால் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

இருபத்தேழு வயது. அச்சன்புதூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறாள். கணவர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு டெம்போ ஓட்டுகிறார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய முதல் கரு, ஆறாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். இப்படிப்பட்ட நேரத்தில் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று சட்டம் இருக்கிறது. அவளிடம் யார் சொன்னது? சொல்ல வேண்டியவர்கள் ஆடித் தள்ளுபடிக்குப் பேனர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தவளை எங்கே நிறுத்தினார்கள் தெரியுமா?

பச்சைப்பிள்ளை செக்‌ஷனில்.

வேண்டுமென்று செய்யவில்லை. முன்பும் அங்கேதான் நின்றாள். மாற்ற வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த செக்‌ஷனில் ஒரு பழக்கம் உண்டு. நம்மிடம் பிள்ளை பிறக்கும் முன்னால் யாரும் சட்டை வாங்குவதில்லை. பிறந்தபிறகு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு ஓடி வருவார்கள். சித்தப்பாவோ மாமாவோ வருவார், அளவு தெரியாது. 'இம்புட்டு இருக்கும்' என்று காற்றில் கையை விரிப்பார். உடனே விற்கிற பெண் சட்டையை எடுத்துத் தன் இடது முழங்கையில் விரித்துப் போட்டு, பிள்ளையைத் தாங்குகிறமாதிரிக் கையை மடக்கிக் காட்ட வேண்டும். வந்தவர் அந்தக் கையைப் பார்த்து அளவைத் தீர்மானிப்பார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இசக்கி ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை கையை மடக்குவாள்.

காலிச் சட்டை. காலிக் கை.

போதாததற்கு, அளவு போதுமா என்று வாங்க வருகிறவர்களின் கேள்வி வேறு. "ஏட்டி, நீ பிள்ள பெத்தவதான? ஒரு மாசப் பிள்ளைக்கு இது காணுமா?"

"காணும் ஆச்சி."

சூப்பர்வைசரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறாள். "அண்ணே, என்னைய வேற செக்‌ஷனுக்கு மாத்துங்கண்ணே."

"எதுக்கு? நீதான் அங்கன நல்லா விக்க. ஆடி முடியட்டும், பாப்போம்."

காரணத்தை அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பணியாளர் வாசலில் அந்தக் கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். மேலே ஸ்டிக்கர்: 'முகத்தில் சிரிப்பு இருக்கிறதா?' தலை கலைந்திருந்தால் சீவிக்கொள்ளலாம். சேலை மடிப்பைச் சரி செய்துகொள்ளலாம். சிரிப்பை எங்கிருந்து எடுத்து ஒட்டிக்கொள்வது? விற்பனைப் பெண்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்று சட்டம் வந்தபிறகு அங்கே நாற்காலியும் வந்தது. அதில் உட்காரும் பெண்ணை சூப்பர்வைசர் பார்க்கிற பார்வைக்குத்தான் இன்னும் சட்டம் வரவில்லை.

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள், மேடையில் பேசுகிறவள் என்று என்னைத் தெரிந்த அண்ணாச்சி, இந்த நேரத்தில் எனக்குப் போன் செய்தார். நல்ல மனிதர். வருஷா வருஷம் ஆடிக்கு முன்னால், கடை திறப்பதற்குள் ஒரு காலை நேரம் எல்லாப் பணியாளர்களையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய்க் குளிக்கவைத்து டிபன் போடுவார். இந்த வருஷம் கூடவே ஒரு கூட்டமும்.

"இப்பல்லாம் மனசு, ஸ்ட்ரெஸ்ஸுன்னு சொல்லுதாங்கள்லா மேடம். நம்ம பிள்ளையளுக்கும் ஒரு நாள் பேசிவிடுங்க. மனசுல உள்ளதக் கொட்டிட்டா ஆடிக்கு ஃப்ரெஷ்ஷா நிக்கும்."

ஆடிக்கு ஃப்ரெஷ்ஷாக நிற்க வேண்டுமாம். அந்தச் சொல் அப்போதே என்னை உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. எனக்கு மைக் என்றால் ஆசை. ஒரு வியாழக்கிழமை காலை, குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில், 'மனம் விட்டுப் பேசுவோம்' என்ற பேனருக்குக் கீழே நின்று முக்கால் மணி நேரம் பேசினேன். அந்தப் பேனரிலேயே கீழே ஒரு மூலையில் தள்ளுபடி விளம்பரமும் இருந்தது. அழுகையை அடக்காதீர்கள், மூடிவைத்த காயம் ஆறாது, உங்கள் சக பணியாளர்களே உங்கள் குடும்பம்... என்னென்னவோ சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது. பேசுகிறவருக்கு என்ன நஷ்டம்? பொன்னாடை கிடைக்கும். நான் சொன்னதைக் கேட்டு நம்புகிறவருக்குத்தான் எல்லா நஷ்டமும்.

"யாராவது பேச வாங்க," என்றேன். ஒருவரும் அசையவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து, "நீ வாம்மா," என்றேன்.

நான் கூப்பிட்டேன். எழுந்து வந்தாள்.

மைக்கைத் தள்ளியே பிடித்திருந்தாள். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "எனக்குப் பிள்ள தங்கல. அது எல்லாருக்கும் தெரியும். சட்டையக் கையில போட்டுக் காட்டும்போது, அதுக்குள்ள கனம் இருக்க மாதிரியே இருக்கு. பாத்ரூமுக்குள்ள போயி கையத் தண்ணியில நனச்சிட்டு நனச்சிட்டு வாரேன். ராத்திரி தூக்கம் வர மாட்டேங்கு. எனக்கு வேற செக்‌ஷன் குடுத்தா நல்லாருக்கும். போர்வையோ, துண்டோ... எதுனாலும்."

கைதட்டினார்கள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் அவளை அணைத்துக்கொண்டு, என் போன் நம்பரையும் கொடுத்தேன். எல்லோருமாகச் சேர்ந்து போட்டோ வேறு எடுத்துக்கொண்டோம்.

ஐந்தாம் நாள் வேன் வந்தது.

அன்று பத்து மணிக்கெல்லாம் கடையில் போய் நின்றேன். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "வாங்க மேடம், காபி சொல்லட்டா?"

"காபி வேண்டாம். இசக்கிய எதுக்கு அருவிக்கு அனுப்புதீங்க?"

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, பாராட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "நம்ம பிள்ளல்லா மேடம். அன்னைக்கு அது பேசினதக் கேட்டு மனசே சரியில்ல. வீட்ல சொன்னேன். நாலு நாள் அருவியில தலையக் குடுத்தா தெளிஞ்சிரும்னா. எண்ணெய், வேன் எல்லாம் நம்ம பொறுப்பு. துணைக்கு நம்ம கூட்டிப் பெருக்குற அம்மாவையும் அனுப்பியிருக்கேன். லீவுன்னு சம்பளமும் பிடிக்கல. வேற எந்த முதலாளி செய்வான், சொல்லுங்க."

"அவ கேட்டது வேற செக்‌ஷன்லா?"

"அது பெறவு பாப்போம். மொதல்ல மனசு சரியாவட்டும்."

"அவ மனசு சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. பிள்ள போனா அழத்தான் செய்வாங்க. தூக்கம் வரலன்னா டாக்டர்ட்ட காட்டுவோம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"டாக்டரா?" குரலைத் தாழ்த்தினார். "வயசுப் பிள்ள மேடம். மனநல டாக்டர்ட்ட போனான்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவான்? அதான் அருவின்னேன். குளிக்கப் போனான்னு போயிரும்லா."

அவருக்குச் சத்தியமாகப் புரியவில்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்கவைக்கிறது. கெட்ட முதலாளி என்றால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்துவிடலாம். இவரோ அன்பாக இருக்கிறார். அன்பாகவே ஒரு பெண்ணின் நெற்றியில் எழுதி ஒட்டிவிட்டார். அந்த வேன் எப்படியிருக்கும் தெரியுமா? பக்கவாட்டில் முழு நீளத்துக்குக் கடையின் பெயர், பட்டுச்சேலையில் சிரிக்கிற மணப்பெண் படம். அச்சன்புதூரில் ஒரு சின்னத் தெருவின் முனையில், நாலு நாள், காலை ஆறு மணிக்கு அது வந்து ஹார்ன் அடித்தது. எண்ணெய் வழியும் தலையோடு இசக்கி ஏறினாள். பல் துலக்கிக்கொண்டிருந்த தெரு மொத்தமும் பார்த்தது.

அருவியில் என்ன நடந்தது என்று அவளே பிறகு சொன்னாள். சீசன் காலத்தில் பெண்கள் பக்கம் நுழைவதே பெரும்பாடு. தோளோடு தோள் இடித்துத்தான் தண்ணீருக்குள் தலையை நீட்ட முடியும். இவளைக் கூட்டிப்போன அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க தாயி, பிள்ளைக்கு மனசு சரியில்ல," என்றிருக்கிறாள். கூட்டம் விலகியது. ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாளாம். அவ்வளவு கூட்டத்திலும் இசக்கியைச் சுற்றிலும் காலி இடம்.

அருவியைச் சொல்லிக் குற்றமில்லை. அது பாட்டுக்கு மேலேயிருந்து விழுகிறது. யாருடைய தலை, என்ன துக்கம் என்று அது கேட்டதில்லை. அதன் கீழே நின்று அழுதால் கண்ணீர் தெரியாது என்பது மட்டும்தான் அதன் கருணை. அந்தக் கருணையையும் பிடுங்கி, வேனில் ஏற்றி, ஊர்வலம் விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊரில் பைத்தியத்துக்குக் கோட்டி என்று பெயர். இரண்டாம் நாளே பக்கத்து வீட்டுக்காரி இசக்கியின் மாமியாரிடம் கேட்டுவிட்டாள். "உங்க மருமவளுக்கு என்ன மயினி? கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?" மாமியார் அன்று இரவு மகனைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அந்தக் கிசுகிசுப்பு சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டதாம்.

நாலு நாள் அருவி முடிந்து மறுநாள் கடைக்குப் போனால், மூன்றாவது மாடி ஸ்டாக் ரூமுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜன்னல் கிடையாது. ஒரு டியூப்லைட்டின் கீழே நாள் பூராவும் பெட்டி பிரித்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. "கஸ்டமர் முன்னால அழுதுட்டான்னா என்ன செய்ய? ஆடி வேற வருது," என்றாராம் சூப்பர்வைசர். அதாவது, பச்சைப்பிள்ளை செக்‌ஷனிலிருந்து கடைசியில் மாற்றிவிட்டார்கள். கேட்டபோது மாற்ற முடியாதவர்கள், பயந்தபோது மாற்றினார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாளாம்: "ஏ, மெதுவாப் பேசுங்கட்டி. அவளுக்கு எதுவும் ஆயிரப் போவுது."

இவர்கள் யார் தெரியுமா? அன்றைக்குக் கைதட்டினவர்கள். 'உங்கள் குடும்பம்' என்று நான் மைக்கில் சொன்னவர்கள்.

எனக்கு ஒன்று விளங்கவே மாட்டேன் என்கிறது. கால் சுளுக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தால், படியேறாத இடத்தில் நிறுத்துகிறோம். அம்மை போட்டால் லீவு கொடுக்கிறோம். மனசு வலிக்கிறது, பத்தடி தள்ளிப் போர்வை மடிக்கிற இடத்தில் நிறுத்துங்கள் என்றால் மட்டும் ஏன் ஆளையே மாற்றப் பார்க்கிறோம்? அவள் வைத்தியம் கேட்கவில்லை. பரிதாபமும் கேட்கவில்லை. கேட்டதென்னவோ ஒரு இடமாற்றம். அதைக் காதில் வாங்க ஆளில்லாத இடத்தில், மனதைத் திற என்று மைக் நீட்டினேனே, எனக்கு என்ன யோக்கியதை? கேட்டபிறகு என்ன செய்வீர்கள் என்று அண்ணாச்சியிடம் முதலில் நான் கேட்டிருக்க வேண்டாமா?

ஒரு வாரம் கழித்து இசக்கியைத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அச்சன்புதூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் பவுடர், தலையில் பூ.

"சரியாயிட்டுன்னு சொல்லிட்டேன்க்கா," என்றாள்.

"எது?"

"எல்லாந்தான். அண்ணாச்சி ரூமுக்கே போனேன். அருவி நல்லா வேல செஞ்சிட்டு அண்ணாச்சி, இப்ப ஒண்ணும் இல்லன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். ஒடனே சூப்பர்வைசரக் கூப்பிட்டு, நாளைலருந்து பழைய செக்‌ஷன்ல போடுன்னுட்டாவ."

"பழைய செக்‌ஷனா? அந்தச் சட்டை செக்‌ஷனா?"

"ஸ்டாக் ரூம்லயே கிடந்தா கோட்டிதான்னு முடிவு கட்டிருவாவல்லா. கீழ வந்து நாலு பேரு பாக்கச் சிரிச்சாத்தான் வீட்லயும் விடுவாவ." கொஞ்ச நேரம் பஸ் வருகிற பக்கமே பார்த்தாள். "தூக்கந்தான் இன்னும் வரல."

"பெரியாஸ்பத்திரில டாக்டர் இருக்காங்க. நானும் கூட வாரேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"வேன்ல போனதே போதும்க்கா."

பஸ் வந்தது. படியில் ஏறினவள் திரும்பி, "நீங்க சொன்னீங்கன்னுதான் பேசினேன். உங்க மேல கோவம்லாம் இல்ல. ஆனா இனிமே பேச மாட்டேன்," என்றாள்.

கோபப்பட்டிருக்கலாம். நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருக்கலாம். எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

உண்மை சொன்னாள், ஸ்டாக் ரூம் கிடைத்தது. பொய் சொன்னாள், கவுண்ட்டர் கிடைத்தது. எழுபது பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு எத்தனை துக்கமோ... இனி ஒருத்தர் வாயைத் திறப்பாரா? நான் நடத்திக்கொடுத்த மனநலக் கூட்டத்தின் விளைச்சல் இதுதான். அன்றைக்கு எனக்குக் கொடுத்த பொன்னாடையை அலமாரியின் அடியில் சொருகிவைத்தேன். கண்ணில் பட்டால் எரிகிறது.

போன வெள்ளிக்கிழமை அண்ணாச்சி போன். குரலில் உற்சாகம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா மேடம்? பிள்ள தெளிஞ்சிட்டு. முன்ன மாதிரியே சிரிச்சிட்டு நிக்கி. உங்க பேச்சும் நம்ம அருவியும் சேந்து செஞ்ச வேல. தீவாளிக்கு முன்னால இன்னொரு கூட்டம் போடுவோமா?"

இசக்கி சொன்னது பொய் என்று வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. அவளிடம் கேட்காமல் அவள் வார்த்தையை இன்னொரு தடவை நான் வெளியே எடுக்கக்கூடாது. அதனால் அவர் பக்கமே திரும்பினேன்.

"வாரேன் அண்ணாச்சி. ஒரே ஒரு கண்டிஷன். இந்தத் தடவ மொதல்ல நீங்க பேசணும்."

"நானா? நன்றியுரைதான? பேசிட்டாப் போச்சு."

"நன்றியுரை இல்ல. உங்க மனசுல கெடக்கறது. எழுபது பேரு முன்னால."

சிரித்தார். "நமக்கு என்ன மேடம் குறை? கடை இருக்கு, பேரன் பேத்தி இருக்கு..."

"கடைசியா எப்ப அழுதீங்க?"

சிரிப்பு நின்றது. இருமினார். கடைக்குள் பாட்டுச் சத்தம், பில் போடும் சத்தம் எல்லாம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம். அதன் பிறகு அவர் பேசினார். ஐந்தாறு நிமிஷம் இருக்கும், நான் குறுக்கே பேசவில்லை. என்ன சொன்னார் என்பது இந்தப் பத்தியில் வராது. வேறெந்தப் பத்தியிலும் வராது.

முடித்துவிட்டு, குரல் மாறிப்போய், "எம்மா... இத யார்ட்டயும் சொல்லிராதீங்க. எழுதிக் கிழுதிராதீங்க. கடையில தெரிஞ்சா ஒருத்தன் மதிக்க மாட்டான்," என்றார்.

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. தலைக்கு எண்ணெய் வச்சு, வேன்ல ஏத்தி, அருவிக்கும் அனுப்ப மாட்டேன்."

  

"அது நல்லதுக்குத்தான செஞ்சேன்," என்றார் மெதுவாக.

"தெரியும். ஆனா அவ கேட்டது போர்வ செக்‌ஷன்."

"அதான் சரியாயிட்டுன்னு சொல்லிட்டாளே..."

"சரியானவளும் போர்வ விக்கலாம்லா அண்ணாச்சி."

மறுபடியும் இருமல். "போர்வ செக்‌ஷன்ல ஆள் கம்மியாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். "அதச் சொல்லி நாளைக்கு அங்கன மாத்திருதேன்."

ஆள் கம்மி என்று சொல்லி மாற்றுவாராம். நிஜக் காரணத்தைச் சொல்ல முதலாளிக்கே இத்தனை பயம் இருக்கிற கடையில்தான், இசக்கி மைக்கைப் பிடித்துப் பேசினாள்.